திரையில் வந்த 186 ஏக்கர் எங்கே போனது?

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, இரணைமடுக்குளத்து நீரில் பயிர் செய்யும் எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பின் பதிவுக் கொப்பியைப் பார்த்து, ரூபி மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதினேன். மொத்தக் காணியைக் கூட்டும் மெதட்டை (ஒரு வேலைக்கெனப் பெயரிட்டு எழுதிய நிரல் துண்டை) அழைத்தால் 186 ஏக்கர் என்று திரையில் சரியாக வருகிறது. ஆனால் அந்த விடையை ஏக்கருக்குரிய வாய்க்கால் துப்புரவுப் பணத்தால் பெருக்கப் போனால், நில்லுக்கு (nil, அதாவது மதிப்பு எதுவும் இல்லை என்பதற்கு) பெருக்கல் இல்லை என்று நிரல் நின்றுவிடுகிறது. கூட்ட அறிவித்தல் அனுப்புவதற்காக, இருமுறை வரும் பெயர்களை நீக்கும் இன்னொரு மெதட்டும் எழுதினேன். அது காலபோகப் பட்டியலுக்குச் சரியாக வேலை செய்தது. கோட்டில் ஓர் எழுத்தும் மாற்றாதபோதும் சிறுபோகப் பட்டியலுக்கு நில் தருகிறது. பிழை எங்கே?
- ஒரு மாணவி, கிளிநொச்சி

பதில்: திரையில் எழுதுவதும் அழைத்தவரிடம் விடையைக் கொடுப்பதும் இரண்டு வேறு செயல்கள். ரூபியில் ரிட்டர்ன் என்று எழுதாவிட்டாலும், மெதட்டில் கடைசியாகக் கணிக்கப்பட்ட கோவையின் மதிப்பே திரும்பி வரும். உங்கள் மெதட் மொத்தத்தை புட்ஸ் கொண்டு அச்சிடும் வரியோடு முடிகிறது என்றே எண்ணுகிறேன். புட்ஸ் தன் வேலையைச் செய்துவிட்டு எப்போதும் நில்லையே திருப்பித் தரும். ஆகவே 186 திரைக்குப் போயிற்று, பெருக்கலுக்கு நில் வந்து சேர்ந்தது. ரூபி வரிகளை உடனுக்குடன் இயக்கிக் காட்டும் ஐஆர்பியைத் (irb) திறந்து அந்த மெதட்டை மட்டும் அழைத்துப் பாருங்கள். முதலில் 186 என்ற வரியும், அதன் கீழே அம்புக்குறியோடு நில் என்ற வரியும் வரும். அம்புக்குறிக்குப் பக்கத்தில் இருப்பதே உண்மையான திரும்பு மதிப்பு. மொத்தத்தைக் கடைசி வரியில் தனியே எழுதிவிட்டால் இது தீரும்.

சரியாக இயங்கும் மெதட்டில் விடையைப் பார்ப்பதற்காகக் கடைசியில் ஒரு புட்ஸ் சேர்த்து, அதனாலேயே புதிய பிழையை உண்டாக்கிக்கொள்வோர் பலர். அந்த இடத்தில் பி என்ற ஓரெழுத்து மெதட்டைப் பயன்படுத்துங்கள். தனக்குக் கொடுத்த மதிப்பை அச்சிட்டு, அதையே மாற்றமின்றித் திருப்பியும் தரும்.

இரண்டாவது பிழைதான் கண்டுபிடிக்கக் கடினமானது, ஏனெனில் மாறியது கோட் அல்ல, பட்டியல். இருமுறை வருவதை ஒன்றாக்கும் யூனிக் (uniq) மெதட்டை நீங்கள் ஆச்சரியக்குறியோடு (uniq!) எழுதியிருக்க வேண்டும். அந்த வடிவம் இருக்கும் பட்டியலையே திருத்தும். நீக்குவதற்கு ஏதாவது இருந்தால் பட்டியலைத் தரும், ஒன்றும் இல்லாவிட்டால் நில்லைத் தரும். காலபோகத்தில் இரண்டு துண்டுக் காணி வைத்திருப்பவரின் பெயர் இரண்டு வரிகளில் வந்திருக்கும், ஆகவே நீக்க வேலை இருந்தது. சிறுபோகத்திலோ குளத்தில் உள்ள நீருக்கு ஏற்பக் காணியின் ஒரு பகுதியில் மட்டும் பயிரிடுவதால், ஆளுக்கு ஒரு வரியே பதிந்திருப்பீர்கள். நீக்க எதுவும் இல்லாமல் நில் வந்தது. ஆச்சரியக்குறியை எடுத்துவிடுங்கள்; அப்போது எந்நிலையிலும் புதிய பட்டியல் ஒன்று கிடைக்கும். ஆச்சரியக்குறியோடு வரும் காம்பாக்ட் (நில்களை நீக்குவது), ஃபிளாட்டன் (உள்பட்டியல்களைப் பிரித்து ஒன்றாக்குவது), ஜிசப் (எழுத்துகளை மாற்றுவது) ஆகியவற்றுக்கும் இதே குணம் உண்டு. ஆனால் அதே குறியோடு வரும் சார்ட் (வரிசைப்படுத்துவது), ரிவர்ஸ் (தலைகீழாக்குவது) ஆகியன எப்போதும் பட்டியலையே தருவதால், குறியைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய இயலாது.

பட்டியலை ஒவ்வொன்றாக எடுக்கும் ஈச் கொண்டு சுற்றினால் பழைய பட்டியலே திரும்பும் என்பதையும், எல்ஸ் (இல்லாவிட்டால்) பகுதி இல்லாத இஃப்பின் நிபந்தனை பொய்யானால் நில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இடம் பிடிபடாவிட்டால், ரூபி 2.4 முதல் உள்ள பைண்டிங் ஐஆர்பி (binding.irb) என்ற அழைப்பைச் சந்தேகமான வரிக்கு முன் எழுதுங்கள். நிரல் அங்கே நின்று, அந்த நேரத்து மாறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டறிய விடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால், பெயரை வைத்து நீக்கும் உங்கள் மெதட் அவர்களில் ஒருவரை எந்த எச்சரிக்கையும் இன்றி விட்டுவிடும், அவருக்குக் கூட்ட அறிவித்தல் போகாது. யூனிக் மெதட்டுக்கு ஒரு பிளாக் (எதைக் கொண்டு ஒப்பிடுவது என்று சொல்லும் சிறு நிரல் துண்டு) கொடுத்து, பதிவு இலக்கத்தைக் கொண்டு ஒப்பிடச் செய்யுங்கள்.