சப்ஸ்டேஷன் வடிவமைப்பில் ஏஐ: கேட்டதும் சொன்னதும்

துணை மின் நிலையம் வடிவமைக்கும்போது ஏஐயை எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மாணவர் ஒருவர்: சார், லேஅவுட்டை ஏஐ தானாகவே போட்டுத் தருமா?

போடும். பே (ஒரு லைனுக்கோ டிரான்ஸ்ஃபார்மருக்கோ உரிய கருவித் தொகுப்பு) எத்தனை, எந்த பஸ்பார் (பேக்களை இணைக்கும் பொதுக் கடத்தி) அமைப்பு, இடம் எவ்வளவு என்று கொடுத்தால் பத்து விதமாக அடுக்கிக் காட்டும். ஆனால் "செலவைக் குறை" என்று மட்டும் சொன்னால் எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளிவிடும். பழுதான டிரான்ஸ்ஃபார்மரை வெளியே இழுக்க வழி வேண்டும், கிரேன் திரும்ப இடம் வேண்டும், பக்கத்து பே மின்சாரத்தோடு இருக்கும்போதே ஐசோலேட்டரில் (மின்சுற்றைப் பிரித்து வைக்கும் சுவிட்ச்) வேலை பார்க்க வேண்டும். இதெல்லாம் நிபந்தனையாக எழுதிக் கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். அந்த நிபந்தனைகளை எழுதுவதுதான் உண்மையான வடிவமைப்பு வேலை, வரைவது அதற்கப்புறம்.

வடிவமைப்புப் பொறியாளர்: 145 கேவி யார்டில் (கருவிகள் நிற்கும் திறந்தவெளி) மின்சாரம் ஓடும் பாகங்களைச் சுற்றி எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று சாட்பாட்டிடம் கேட்டேன். இரண்டு முறை கேட்டால் இரண்டு எண் வருகிறது. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம், அதுதான் வம்பு. இடைவெளியை முடிவு செய்வது சிஸ்டம் மின்னழுத்தம் மட்டுமல்ல, கருவி தாங்க வேண்டிய மின்னல் இம்பல்ஸ் அளவு, அதாவது மின்னல் தாக்கும்போது கண நேரம் எகிறும் மின்னழுத்தம். 145 கேவி கருவிக்கு அது 550 கேவி ஆகவும் இருக்கலாம், 650 கேவி ஆகவும் இருக்கலாம். ஐஇசி 60071-2 என்ற சர்வதேசத் தர விதிமுறையின் அட்டவணைப்படி 550க்குக் குறைந்தபட்சக் காற்று இடைவெளி 1,100 மி.மீ., 650க்கு 1,300 மி.மீ. தளம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் என்றால் திருத்தம் தனி. ஆள் நடமாடும் இடத்தில் கை எட்டும் தூரத்தையும் இதன்மேல் கூட்ட வேண்டும்.

நீங்கள் கேள்வியில் இம்பல்ஸ் அளவைச் சொல்லியிருக்கவே மாட்டீர்கள். சாட்பாட்டும் திருப்பிக் கேட்காமல் ஒன்றை ஊகித்துக்கொள்ளும். விதிமுறை ஆவணத்தையே அதனிடம் கொடுத்து, "இதிலிருந்து எந்த வரியை வைத்துச் சொல்கிறாய், காட்டு" என்று கேளுங்கள். காட்டிய வரியை நீங்களே திறந்து பாருங்கள். பிரிவு எண்ணைக் கூசாமல் இட்டுக்கட்டும் பழக்கம் அதற்கு உண்டு.

இன்னொருவர்: எர்த்திங் மேட்டை (தரைக்குள் புதைக்கும் கம்பி வலை) ஏஐ வைத்து ஆப்டிமைஸ் செய்து செம்பை நன்றாகக் குறைத்துவிட்டோம். தொடு மின்னழுத்தமும் (பழுதின்போது கருவியைத் தொடுபவர்மேல் விழும் வோல்ட்) வரம்புக்குள் இருக்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

ஜல்லியைப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சப்ஸ்டேஷன் எர்த்திங்குக்கான ஐஇஇஇ 80 வழிகாட்டியின் கணக்கைக் கையில் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள ஆள், ஃபால்ட் (மின்பழுது) 0.5 விநாடியில் அறுபடுகிறது, மண்ணின் மின்தடைமை 100 ஓம்-மீட்டர். வெறும் மண்ணில் நின்றால் அவர் தாங்கக்கூடிய தொடு மின்னழுத்தம் சுமார் 189 வோல்ட். அதே இடத்தில் 10 செ.மீ. உயரத்துக்கு 3,000 ஓம்-மீட்டர் ஜல்லி பரப்பினால் அது சுமார் 681 வோல்ட் ஆகிறது. மூன்றரை மடங்கு! ஆப்டிமைசருக்கு இது தெரியும். செம்பைக் குறைக்க, இந்த வரம்பை விளிம்புவரை தின்றுவிடும். சில வருடங்களில் ஜல்லிக்கு நடுவே மண் ஏறி, புல் முளைத்து, அந்த 3,000 எங்கோ போய்விடும். வரம்பு இறங்கிவிடும், மேட் மட்டும் அப்படியே இருக்கும்.

அதனால் ஜல்லியின் மதிப்பைக் குறைத்து வைத்து ஒருமுறை, ஃபால்ட் அறுபடப் பிரதான பாதுகாப்புக்குப் பதில் பேக்கப் எடுக்கும் நேரத்தை வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். மண் அளவீடும் முக்கியம். நான்கு கம்பி நட்டு அளக்கும் வென்னர் முறையில் கம்பி இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனால்தான் ஆழத்து மண் தெரியும். ஒரே இடைவெளியில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த ஏஐயாலும் கீழ் அடுக்கைச் சொல்ல முடியாது.

திட்டமிடல் பிரிவிலிருந்து: எங்கே புதிய சப்ஸ்டேஷன் வேண்டும் என்று கணிக்க முடியுமா?

வழக்கமான லோடு வளர்ச்சியை இயந்திரக் கற்றல் நன்றாகவே கணிக்கும். வெப்பநிலை, விடுமுறை, நேரம் எல்லாம் சேர்த்து ஊட்டலாம். திடீரென்று வரும் டேட்டா சென்டரோ பேருந்து சார்ஜிங் டிப்போவோ பழைய தரவில் இல்லை. அதற்குக் கணிப்பு உதவாது, தனித்தனிச் சூழல்களாகப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

இடத் தேர்வில் ஒரு எச்சரிக்கை. சரிவு, வெள்ளம், சாலை, லைன் வரும் பாதை ஆகியவற்றை வரைபட அடுக்குகளாக வைத்து மதிப்பெண் போடச் சொல்வது நல்ல பயன்பாடு. பழைய சப்ஸ்டேஷன்கள் இருக்கும் இடங்களைக் காட்டி "இதுபோல் தேடு" என்றால் மட்டும் வேண்டாம். அவற்றில் பாதி, அன்று நிலம் கிடைத்த இடத்தில் கட்டியவை.

பாதுகாப்புப் பொறியாளர்: சப்ஸ்டேஷன் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான ஐஇசி 61850 கோப்புகளை ஏஐயை எழுத விடலாமா? ஃபால்ட்டைக் கண்டுபிடிக்கும் ரிலேயின் செட்டிங்?

கோப்புகளுக்குத் தாராளமாக. அவை எக்ஸ்எம்எல் வடிவம். சிக்னல் பட்டியலையும் கூஸ் சந்தாக்களையும் (எந்தக் கருவி எதன் அவசரச் செய்தியைக் கேட்கிறது என்ற பட்டியல்) ஒப்பிட்டு விடுபட்டதைக் கண்டுபிடிக்க ஏஐ அருமையான ஆள். கோப்பு இலக்கணச் சோதனையில் தேறினாலும், தவறான பிரேக்கருக்கு டிரிப் (துண்டிக்கும் கட்டளை) அனுப்பக்கூடும். சோதனைக் கருவியில் ஃபால்ட்டைக் கொடுத்துப் பார்க்காமல் விடாதீர்கள். ரிலே செட்டிங் எண்ணை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். கணக்கிடும் நிரலை எழுதச் சொல்லுங்கள், அந்த நிரலைச் சரிபாருங்கள். நாளைக்கு யாராவது "இந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்டால் காட்ட ஏதாவது இருக்க வேண்டுமே.

பெயர் சொல்ல விரும்பாதவர்: எஸ்எல்டியை (சப்ஸ்டேஷனின் ஒற்றைக் கோட்டு மின்வரைபடம்) பொதுவான சாட்பாட்டில் ஏற்றலாமா?

வேண்டாம். நிறுவனத்துக்குள்ளேயே ஓடும் மாடல் இருந்தால் அதில், அதுவும் அனுமதியோடு.

பராமரிப்புப் பொறியாளர்: நாற்பது வருடப் பழைய காகித வரைபடங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. டிஜிட்டல் ஆக்க முடியுமா?

சின்னங்களையும் கேபிள் எண்களையும் படிக்கப் பழக்கிய மாடல்கள் இந்த வேலையை வேகமாக்கும். மங்கிப்போன டெர்மினல் எண்களில் 3க்கும் 8க்கும் குழப்பம் வரும், அதனால் சந்தேகமானவற்றைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். பெரிய சிக்கல் வேறு: காகிதத்தில் இருப்பதும் பேனலில் இருப்பதும் ஒன்றல்ல. இடையில் யாரோ ஒரு சிடியை (மின்னோட்டத்தை அளக்கும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) மாற்றியிருப்பார், வரைபடத்தில் பென்சில் குறிப்புகூட இருக்காது. டிஜிட்டல் ஆக்கிய பட்டியலை எடுத்துக்கொண்டு பேனல் பேனலாகச் சரிபார்க்க ஆளையும் ஷட்டவுனையும் இப்போதே கேட்டு வையுங்கள். ஸ்கேன் செய்வதைவிட அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.