டிவியோடு இணைத்த கணினியில் காத்தாடி சத்தமும் கரண்ட் செலவும் குறைய என்ன வழி?

கேள்வி கேட்டவரிடம் இருப்பது கிராபிக்ஸ் கார்டு போட்ட பழைய டெஸ்க்டாப். ஹால் டிவியோடு இணைத்து, அணைக்காமலே வைத்திருக்கிறார். ராத்திரி படம் பார்த்தால் வசனத்தைவிட காத்தாடிதான் கேட்கிறதாம், டிஎன்பி மின்சார பில்லும் ஏறுகிறதாம். எந்தக் காத்தாடி வாங்கினால் சத்தம் வராது என்கிறார்.

காத்தாடியை இப்போதைக்கு விடுங்கள். கணினி இழுக்கிற கரண்ட் முழுக்க கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டைத் தள்ளத்தான் காத்தாடி கத்துகிறது. ஏர்கோன் போடாத கோலாலம்பூர் ஹாலில் வெளிக்காற்றே சூடு, கேட்கவா வேண்டும். வாட்டைக் குறையுங்கள், சத்தம் தானாக அடங்கும்.

யூடியூப்பில் ஒரு 4கே வீடியோவை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பக்கத்தைத் திறங்கள். ‘வீடியோ டீகோட்’ கட்டத்தில் கோடு தரையோடு கிடக்க, சிபியு மட்டும் 70, 80 விழுக்காட்டில் துள்ளுகிறதா? திருடன் அகப்பட்டான். யூடியூப் இப்போது நிறைய வீடியோக்களை ஏவி1 என்ற முறையில் சுருக்கி அனுப்புகிறது. அந்தச் சுருக்கத்தை கிராபிக்ஸ் சிப்பிலேயே பிரிக்கும் வசதி இன்டெலில் 11ஆம் தலைமுறையில்தான் வந்தது. என்விடியாவில் 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில். அதற்கு முந்தைய மெஷின் என்றால் வேலை மொத்தமும் சிபியு தலையில். குரோமில் எச்264ஐஃபை மாதிரியான நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) போட்டால் யூடியூப் பழைய எச்.264 முறையில் அனுப்பும். 1080பி-க்கு மேல் கிடைக்காதுதான். சோபாவில் சாய்ந்து பார்க்கிறவருக்கு அது தாராளம்.

அடுத்து, விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்’ 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். ஒரு விழுக்காடுதானே என்று நினைக்காதீர்கள், அதோடு டர்போ, அதாவது சிப் தன் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடுவது, நின்றுவிடும். சிப் வேகம் ஏற வோல்டேஜும் ஏறவேண்டும். செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏறும். அந்தக் கடைசி வேகத்துக்குத்தான் கரண்ட் அதிகம் போகிறது, படம் பார்க்க அது தேவையே இல்லை.

கேம் விளையாடாத வீட்டில் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிடலாம். ஆனால் இன்டெல் சிப்பின் பெயர் எஃப் என்று முடிந்தால் கை வைக்காதீர்கள், அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது.

பில்லுக்கு வருவோம். சும்மா இருக்கும்போதே 80 வாட் இழுக்கும் மெஷின் மாதத்துக்கு 57 யூனிட்டுக்கு மேல் தின்னும். 2025 ஜூலையில் வந்த கட்டண முறையில், கழிவு போகுமுன் யூனிட் 44 சென் அளவு. கணக்குப் போட்டால் 25 வெள்ளி, யாருமே பார்க்காத நேரத்துக்கும் சேர்த்து! 15 நிமிடத்தில் ஸ்லீப் ஆகும்படி வையுங்கள். கீபோர்டைத் தட்டினால் எழுந்துகொள்ளும்.

டிவி கேபினெட் சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தால் பெட்டியைத் திறந்து பாருங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் தூசியும் சேர்ந்து ஹீட் சிங்க் (சிப்பின் சூட்டை உறிஞ்சும் உலோகத் தகடுகள்) இடுக்குகளில் சாம்பல் நிறக் கம்பளி மாதிரி பிசுபிசுவென்று படிந்திருக்கும். ஊதினால் போகாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காத்தாடி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். பவர் சப்ளையை மட்டும் பிரிக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் பழைய பெட்டிக்கு இனிமேல் காசு போடாதீர்கள். லோயாட் பிளாசாவில் இன்டெல் என்100 போட்ட மினி பிசி கேளுங்கள். சிப்பின் கணக்கே 6 வாட், ஏவி1-ஐயும் சிரமமில்லாமல் பிரிக்கும். காத்தாடியே இல்லாத மாடலும் உண்டு. ஆனால் அதைக் கண்ணாடிக் கதவு போட்ட கேபினெட்டுக்குள் அடைத்தால் சூடேறித் திணறும். டிவி முதுகில் உள்ள திருகு ஓட்டைகளில் பொருத்தும் வெசா பட்டையில் மாட்டி, ரிமோட்டுக்கான யுஎஸ்பி ரிசீவரை மட்டும் ஒரு வயரில் முன்பக்கம் இழுத்து வையுங்கள்.