எலும்புக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

பெரிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களுக்குப் போகப்போகிறவர்களும் போய்வந்தவர்களும் எழுதிய கடிதங்கள் இந்த முறை குவிந்துவிட்டன. முப்பத்தொரு வருடம் விலங்கியல் நடத்தியவளுக்கு இதைவிட மகிழ்ச்சியான கடிதக் கட்டு வேறென்ன இருக்க முடியும்? ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

டீச்சர், எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். ஆறு வயதில் மகன், பதினொரு வயதில் மகள். லண்டன் இயற்கை வரலாற்று மியூசியம் மாதிரியான ஓர் இடத்தை ஒரு நாளில் முழுசாகப் பார்க்க எந்த வரிசையில் போகலாம்?

முழுசாகப் பார்க்க முடியாது அம்மா. முதலில் அந்த எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள், பாதிக் களைப்பு அங்கேயே குறைந்துவிடும். லண்டன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பு சுமார் 8 கோடி மாதிரிகள். வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தினுடையது 14 கோடிக்கும் மேல். நம் கண்ணுக்கு வைத்திருப்பது அதில் ஒரு துளி. அந்தத் துளியே ஒரு நாளுக்குள் அடங்காது.

நான் செய்வது இதுதான். வீட்டில் ஆளுக்கொரு கூடம் என்று முதல் நாள் இரவே பேசி வைத்துக்கொள்வோம். உங்கள் மகன் டைனோசர் என்பான், மகள் வேறு ஏதாவது சொல்வாள், நீங்களும் உங்களுக்கென்று ஒன்றைக் கேளுங்கள். தாய்மார்கள் பலர் தங்களுக்கென்று எதையும் கேட்காமலே திரும்பிவிடுகிறார்கள், அது கூடாது. கதவு திறந்ததும் நேராக டைனோசர்களிடம் போய்விடுங்கள். நேரம் ஆக ஆக அங்கேதான் நெரிசல் கூடும். மதியத்துக்கு மேல் கனிமக் கூடமும் பறவைக் கூடமும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

கிளம்புமுன் எந்தக் கூடம் மூடியிருக்கிறது என்று அருங்காட்சியகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நகரத்தில், திமிங்கிலக் கூடத்துக்காகவே பேத்தியை அவ்வளவு தூரம் அழைத்துப் போனேன். பராமரிப்பு என்று கயிறு கட்டியிருந்தார்கள். டிக்கெட் கொடுத்த இடத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் மனசில் நிற்கிறது.

அங்கே நிற்கும் எலும்புக்கூடுகள் எல்லாம் நிஜமா? 'எல்லாம் பிளாஸ்டர், காசு வீண்' என்கிறார் என் கணவர்.

இரண்டுமே இருக்கும். பலகையிலேயே 'வார்ப்பு' (அசலிலிருந்து அச்செடுத்துச் செய்த நகல்) என்றோ 'அசல்' என்றோ எழுதியிருப்பார்கள், அதை முதலில் படியுங்கள். பிறகு கம்பிகளைப் பாருங்கள். அசல் எலும்பை யாரும் துளைபோட விரும்புவதில்லை. அதனால் வெளியிலிருந்து இரும்புத் தாங்கி ஒன்று கை ஏந்துவதுபோல எலும்பை ஏந்தியிருக்கும். வார்ப்பு என்றால் கம்பி உள்ளேயே ஓடும், வெளியே அதிகம் தெரியாது. அசலில் விரிசல் இருக்கும், ஒட்டுப்போட்ட தடம் இருக்கும், பக்கத்துப் பக்கத்து எலும்புகளே நிறம் மாறும். எல்லாம் ஒரே நிறத்தில் வழவழவென்று இருந்தால் சந்தேகப்படலாம்.

ஆனால் வார்ப்பு என்றால் வீண் என்பதை நான் ஏற்கமாட்டேன். லண்டனில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் பார்த்து வளர்ந்த 'டிப்பி' என்கிற டிப்ளோடோகஸ் டைனோசர் முழுக்கப் பிளாஸ்டர்தான். அசல் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. ஆண்ட்ரூ கார்னகி என்ற அமெரிக்க எஃகு அதிபர் அதற்கு அச்சு எடுக்கச் செய்து 1905-இல் லண்டனுக்குக் கொடுத்தார், பிறகு இன்னும் சில வார்ப்புகள் பெர்லினுக்கும் பாரிசுக்கும் வியன்னாவுக்கும் போயின. ஒரே விலங்கின் உருவத்தை இத்தனை ஊர் மக்கள் பார்க்க முடிந்தது அச்சினால்தான். எலும்பின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அதில் அப்படியே இருக்கும்.

சிகாகோவின் ஃபீல்ட் மியூசியத்தில் 'சூ' என்ற டி. ரெக்ஸ், அதாவது டைரனோசாரஸ் ரெக்ஸ் என்கிற வேட்டை டைனோசர், இருக்கிறது. 1990-இல் சூ ஹென்ட்ரிக்சன் என்ற பெண்மணி கண்டெடுத்தது, அவர் பெயரே அதற்கும். உடம்பு பெரும்பாலும் அசல். தலை மட்டும் வார்ப்பு, ஏனென்றால் அசல் மண்டை ஓட்டின் கனத்தை அந்தக் கழுத்தில் ஏற்றி நிறுத்த முடியவில்லை. அந்த அசல் மண்டையைத் தனியாகக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். உங்கள் கணவரை அங்கே அழைத்துப் போனால் விலா எலும்புகளைக் காட்டுங்கள். சில விலாக்களில் முடிச்சு விழுந்தாற்போல் ஒரு புடைப்பு இருக்கும். உயிரோடு இருந்தபோது முறிந்து, கூடி, ஆறிய இடம் அது. அந்த வலியோடு அது எத்தனை நாள் வேட்டைக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் படித்த பாடப் புத்தகத்தில் டி. ரெக்ஸ் கங்காரு மாதிரி நிமிர்ந்து, வாலைத் தரையில் ஊன்றி நிற்கும். மியூசியத்தில் வால் அந்தரத்தில் நிற்கிறது. எது சரி?

மியூசியம்தான் சரி. நியூயார்க் மியூசியத்தில் 1915-இல் டி. ரெக்ஸை நிறுத்தியபோது நிமிர்த்தித்தான் நிறுத்தினார்கள், படம் வரைந்தவர்கள் அதைப் பார்த்து வரைந்தார்கள். பாறையில் பதிந்த டைனோசர் காலடித் தடங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. வால் இழுபட்ட கோடு அவற்றில் அபூர்வம். வால் பின்னால் நீண்டு தலையின் பாரத்தைச் சமன் செய்தது. 1990-களில் நியூயார்க்கிலும் மாற்றி நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் எந்த மியூசியத்துக்குப் போனாலும் தவறாமல் நிற்கும் இடம் எது, டீச்சர்?

திமிங்கிலத்தின் கைக்குக் கீழே.

லண்டனில் நுழைந்ததும் வரும் பெரிய மண்டபத்தில் நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. 25.2 மீட்டர் நீளம். 1891-இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் கரையில் ஒதுங்கியது, 2017-இல் இந்த மண்டபத்துக்கு வந்தது. 'ஹோப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அசல் எலும்பு. எல்லோரும் தலைக்கு நேர் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் பக்கவாட்டில் போய்த் துடுப்பைப் பாருங்கள். வெளியே தோல் மூடியிருந்தபோது அது ஒரு பலகை. உள்ளே பார்த்தால் மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்புகள் இரண்டு, மணிக்கட்டுச் சில்லுகள், அப்புறம் வரிசையாக விரல்கள்.

பேத்திக்கு அப்போது ஏழு வயது. பக்கத்தில் நின்றவள் தன் கையை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தாள். தோளைத் தொட்டாள், முழங்கையைத் தொட்டாள், மேலே பார்த்தாள். "பாட்டி, இதுக்கும் முழங்கை இருக்கு. ஆனா மடக்க முடியுமா?" என்றாள். முடியாது கண்ணு, அந்த மூட்டு இறுகிவிட்டது என்றேன். "அப்போ எதுக்கு வெச்சிருக்கு?" என்றாள். நான் வகுப்பில் ஒரு வாரம் நடத்துகிற பாடத்தின் நடு வேருக்கே அந்தக் கேள்வி போய்விட்டது. நிலத்தில் நாலு காலால் நடந்த மூதாதையிடமிருந்து வந்த கை அது. புதிதாக ஒன்றைச் செய்யவில்லை, இருந்ததையே நீட்டியும் தட்டையாக்கியும் துடுப்பாக்கிக்கொண்டது.

அதே கேள்வியோடு பின்பக்கம் போங்கள். பல அருங்காட்சியகங்களில் திமிங்கிலத்தின் வால் பக்கத்துக்குக் கீழே, முதுகெலும்போடு ஒட்டாமல், இரண்டு சின்ன எலும்புகளைக் கம்பியில் தொங்கவிட்டிருப்பார்கள். இடுப்பெலும்பின் மிச்சம் அது. பின்னங்கால் போய்விட்டது, இடுப்பு கொஞ்சம் தங்கிவிட்டது.

பாலூட்டிகள் கூடத்துக்குப் போனால் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தெலும்புகளை எண்ணுங்கள். ஏழு. உங்கள் கழுத்திலும் ஏழு. சுண்டெலிக்கும் ஏழு. எண்ணிக்கை கூடவில்லை, ஒவ்வொரு எலும்பும் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். மரத்தில் தொங்கும் மூன்று விரல் ஸ்லாத் இந்தக் கணக்கை மீறும், கடல் பசு வகையில் மானட்டி என்பதும் மீறும். அவை இருந்தால் அவற்றையும் எண்ணிப் பாருங்கள்.

என் பையன் டைனோசரைத் தவிர எதையும் பார்க்கமாட்டேன் என்கிறான். இழுத்துக்கொண்டு ஓடுகிறான்.

ஓடட்டும். ஓட்டத்திலேயே ஒரு கணக்கு வைத்துவிடுங்கள். ஒரு பெரிய அடிக்கு ஒரு கோடி ஆண்டு. அவன் நிற்கிற இடம் இன்று. பின்னோக்கி ஆறரை அடி எடுத்து வைத்தால் கடைசி டி. ரெக்ஸ், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். அங்கிருந்து ஸ்டெகோசாரஸ் என்ற டைனோசரிடம் போகச் சொல்லுங்கள். அது 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது, இன்னும் எட்டு அடிக்குமேல் நடக்கவேண்டும். படங்களில் இரண்டும் சண்டை போடுமே, அவை ஒன்றையொன்று பார்த்ததே இல்லை! டி. ரெக்ஸ் வாழ்ந்த காலம் ஸ்டெகோசாரஸைவிட நமக்குத்தான் கிட்டே. பூமி பிறந்த நாளுக்குப் போக 450 அடிக்கு மேல் வேண்டும், அதற்கு வெளியே தோட்டத்துக்குப் போங்கள். கடைசியில் அவன் கட்டைவிரலைத் தரையில் குறுக்கே வைக்கச் சொல்லுங்கள். மனித இனம் இருந்துவந்த சுமார் 3 லட்சம் ஆண்டு அந்த விரலின் அகலத்துக்குள் அடங்கிவிடும்.

இப்படி நடக்கவைத்த குழந்தைகள், கல்லாகிப்போன பழங்காலக் கடல் உயிர்களான அம்மோனைட் சுருளையும் டிரைலோபைட்டையும் தாங்களே தேடிப் போவதைப் பார்த்திருக்கிறேன். "இது எத்தனையாவது அடி?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள்.

விலங்குகள், எலும்புகள் போதும். கல்லில் பார்க்க என்ன இருக்கிறது?

விண்கல். நியூயார்க்கில் 'ஆனிகிடோ' என்ற இரும்பு விண்கல் இருக்கிறது, 30 டன்னுக்கு மேல். அதன் தாங்கிகளைக் கட்டடத்தின் தரையைத் துளைத்து அடியில் இருக்கும் பாறைவரை இறக்கியிருக்கிறார்கள். கிரீன்லாந்திலிருந்து 1897-இல் ராபர்ட் பியரி என்ற துருவப் பயணி கொண்டுவந்தது. அதற்கு முன் பல தலைமுறைகளாக அங்கே வாழும் இனுயிட் மக்கள் அங்கே விழுந்த விண்கற்களின் இரும்பைத் தட்டியெடுத்துக் கத்தி செய்துவந்தார்கள். சூரிய மண்டலம் உருவான காலத்து இரும்பு, ஒருவர் கையில் கத்தியாக இருந்திருக்கிறது. அறுத்து மெருகேற்றி அமிலம் பூசிய இரும்பு விண்கல் துண்டு எங்கே இருந்தாலும் குனிந்து பாருங்கள், பெரும்பாலும் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் பின்னியதுபோல் கோடுகள் தெரியும். பத்து லட்சக்கணக்கான ஆண்டுகள் மெதுவாக, மிக மெதுவாகக் குளிர்ந்ததால் வந்த படிகங்கள் அவை.

ஏன் அத்தனை இருட்டாக வைத்திருக்கிறார்கள்? ஃபிளாஷ் போடக்கூடாது என்று திட்டுகிறார்கள்.

வெளிச்சம் இறகின் நிறத்தையும் ரோமத்தின் நிறத்தையும் தின்றுவிடும், போன நிறம் திரும்பாது. இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள்.

எனக்கு முழங்கால் வலி. நான் போனால் மற்றவர்களுக்குத் தொந்தரவாகிவிடுமோ?

கண்டிப்பாகப் போங்கள். பெரிய அருங்காட்சியகங்களில் சக்கர நாற்காலி கேட்டால் தருகிறார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். லிப்ட் எங்கே என்று வாசலிலேயே வரைபடம் வாங்கிவிடுங்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எதிரே இருப்பதை அரைமணி நேரம் பார்த்தவர், பத்துக் கூடம் சுற்றியவரைவிட அதிகம் பார்த்திருப்பார். பிள்ளைகள் சுற்றிவிட்டு வரட்டும், நீங்கள் பார்த்ததை அவர்களுக்குக் காட்டுங்கள்.

பாடம் செய்த புலியைப் பார்த்து என் மகள் அழுதுவிட்டாள். 'இதைக் கொன்னுதானே வெச்சிருக்காங்க?' என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அவள் அழுதது சரி. பொய் சொல்லிச் சமாதானம் செய்யாதீர்கள். பழைய கூடங்களில் இருக்கும் பெரிய விலங்குகளில் பல துப்பாக்கியால் சுடப்பட்டவைதான். இன்றைக்கு விலங்குக் காட்சிச் சாலைகளில் இறந்தவையும், விபத்தில் செத்தவையும் நிறைய வருகின்றன. ஆனால் அன்று நடந்தது நடந்ததுதான்.

கூடவே இதையும் அவளிடம் சொல்லுங்கள். 1960-களில் பிரிட்டனில் பைரி வல்லூறுகள் குறைந்துகொண்டே வந்தன, கூட்டில் முட்டைகள் உடைந்து கிடந்தன. டெரக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர், மற்றவர்கள் பல பத்தாண்டுகளாகச் சேகரித்து வைத்திருந்த பழைய முட்டை ஓடுகளை எடுத்து எடை போட்டுப் பார்த்தார். 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டது தெரிந்தது. டி.டி.டி. பூச்சிமருந்து புழக்கத்துக்கு வந்த காலம் அது. 1967-இல் அதை வெளியிட்டார். பழைய ஓடுகள் பெட்டியில் இல்லாதிருந்தால் எதோடு ஒப்பிட்டிருப்பார்? அந்த மருந்துக்குப் பல நாடுகள் தடை போட்ட பிறகு வல்லூறுகள் மீண்டன.

மனிதர்கள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. பெர்லினில் நிற்கும் ஜிராஃபடைட்டன் என்ற நீண்ட கழுத்து டைனோசர் 13 மீட்டருக்கு மேல் உயரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அந்த எலும்புகள் இன்றைய டான்சானியாவின் டெண்டகுருவில் 1909 முதல் 1913 வரை தோண்டியவை. அப்போது அது ஜெர்மனியின் காலனி. தோண்டியவர்கள் அந்த மண்ணின் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள். கட்டுக்கட்டாக எலும்புகளைச் சுமந்து லிண்டி துறைமுகம்வரை பல நாள் நடந்தே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நான் எந்த எலும்புக்கூட்டின் முன்னால் நின்றாலும் இதை எடுத்தது யார், தூக்கியது யார் என்று பலகையில் தேடுவேன். அநேகமாகப் பணம் கொடுத்தவர் பெயர் இருக்கும், சுமந்தவர் பெயர் இருக்காது.

உங்கள் மகளை மறுபடி அழைத்துப் போங்கள், அவள் வர விரும்பினால் மட்டும். புலியின் முன்னால் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். முகம் முழுக்க வேண்டாம், அந்தப் பாதத்தை மட்டும் வரையட்டும். வரைந்ததை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், அவளுக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிறேன்.