விழும் என்று தெரிந்த கப்பல்

கேள்வி: பிரிட்டிஷ் டிவியின் காலப்பயணத் தொடரான 'டாக்டர் ஹூ'வின் ஒலி நாடகங்களில் 'ஸ்டார்ம் வார்னிங்'கைக் கட்டாயம் கேளுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பாகம் கேட்டேன், நிறுத்திவிட்டேன். ஆர் 101 என்ற வான்கப்பல் விழுந்து எரிந்தது வரலாறு. முடிவு தெரிந்த கதையில் என்ன விறுவிறுப்பு? டைம் ட்ராவல் கதையைப் பார்க்காமல், காதால் மட்டும் கேட்பது அரைகுறை அனுபவம்தானே?
– வாசகர், திருச்சி

பதில்: அது நான்கு பாக நாடகம். பாதியில் எழுந்து வந்துவிட்டு முடிவைப் பற்றித் தீர்ப்பு சொல்கிறீர்கள். கதையின் உயிர் கடைசிப் பாகத்தில் இருக்கிறது, நீங்கள் அதைக் கேட்கவே இல்லை.

வரலாற்றைச் சொன்னீர்கள், சரி, அதிலிருந்தே தொடங்குவோம். 1930 அக்டோபர் 4 மாலை இங்கிலாந்தின் கார்டிங்டனிலிருந்து ஆர் 101 கிளம்பியது. எகிப்து வழியாகக் கராச்சி வர வேண்டிய கப்பல். அதை நிறுத்துவதற்கென்றே கராச்சியில் மலைபோல ஒரு கொட்டகை கட்டிவைத்திருந்தார்கள். பிரிட்டனின் விமானத்துறை அமைச்சர் தாம்சன் பிரபுவும் உள்ளே இருந்தார். மழையிலும் காற்றிலும் தாழப் பறந்து, மறுநாள் அதிகாலை இரண்டு மணிவாக்கில் பிரான்ஸின் போவே நகருக்கு அருகே தரையில் மோதியது. மிதப்பதற்காக நிரப்பியிருந்ததோ எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன். 54 பேரில் 48 பேர் இறந்தார்கள். கராச்சிக் கொட்டகை கடைசிவரை அந்தக் கப்பலைப் பார்க்கவில்லை.

2001 ஜனவரியில் பிக் ஃபினிஷ் நிறுவனம் வெளியிட்ட இந்த நாடகத்தை எழுதிய ஆலன் பார்ன்ஸ், கப்பல் விழுமா விழாதா என்ற கேள்வியையே எழுப்பவில்லை. நமக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அந்தக் கப்பலில் ஆண் வேடமிட்டு ஒளிந்து பயணம் செய்யும் சார்லி பொல்லார்ட் என்ற கற்பனைப் பெண்ணை நம் பக்கத்தில் உட்காரவைக்கிறார். துறுதுறுப்பான பெண். உலகம் சுற்ற வேண்டும், சிங்கப்பூர் போக வேண்டும் என்று பேசிக்கொண்டே இருக்கிறாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் இந்த இரவு எப்படி முடியும் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. என்னைக் கட்டிப்போட்டது அதுதான். முடிவு தெரியாதவருக்கு அவள் வாயாடிப் பெண் மட்டும்தான். தெரிந்தவருக்கு அவளுடைய ஒவ்வொரு திட்டமும் வலிக்கும்.

அப்புறம், காலத்தில் பயணம் செய்யும் நாயகனான டாக்டர் அவளைக் காப்பாற்றிவிடுகிறார். காப்பாற்றிய பிறகுதான் வரலாற்றின் கணக்குப்படி அவள் அங்கேயே இறந்திருக்க வேண்டும் என்று அவருக்கு உறைக்கிறது. ஒரு உயிரைக் காத்ததே பிழையாகிவிடுகிறது. காலப்பயணக் கதை எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: கடந்த காலத்தில் கைவைத்தவர் அதற்கு விலை கொடுக்கிறாரா? பெரும்பாலான கதைகளில் இயந்திரம் போகிறது, வருகிறது, கடைசியில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. இங்கே அந்தக் கடன் அடுத்தடுத்த நாடகங்களில் வளர்ந்து, 2002-ல் வந்த 'நெவர்லேண்ட்' வரை துரத்துகிறது.

காதுக்கு வருவோம். அரைகுறை என்ற உங்கள் சொல்லை என்னால் ஏற்க முடியாது. 1953-லேயே பிபிசி வானொலியில் சார்லஸ் சில்டனின் 'ஜர்னி இன்டு ஸ்பேஸ்' நால்வரைச் சந்திரனுக்கு அனுப்பி, அங்கிருந்து ஆதிகாலப் பூமிக்குத் தள்ளியது. ஊரே ரேடியோ முன் உட்கார்ந்து கேட்டது. படத்தில் காலம் மாறினால் உடையும் தெருவும் காட்டிக்கொடுத்துவிடும். ஒலியில் அந்த வசதி கிடையாது, குரலும் ஓசையுமே எல்லாவற்றையும் செய்ய வேண்டும். சோம்பேறி எழுத்தாளர் 'உய்ய்ங்' என்று ஒரு சத்தம் போட்டு, 'ஆகா, இது 1930!' என்று ஒருவரைக் கத்தவிடுவார். தேர்ந்தவர் என்ன செய்வார் என்று அறிய, டாக்டரும் சார்லியும் வரும் இதே வரிசையில் ராபர்ட் ஷியர்மன் எழுதி 2002-ல் வந்த 'தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்'டைக் கேளுங்கள்.

1906, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, லண்டனில் ஒரு பணக்கார வீட்டின் வேலைக்காரர் பகுதி. கடிகாரம் மணியடிக்கிறது, ஒருவர் சாகிறார். நள்ளிரவானால் பொழுது பின்னுக்குப் போய் எல்லாம் மறுபடி தொடங்குகிறது. வீட்டாரின் பேச்சு அதே பேச்சு, ஆனால் தொனி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது. கண் வேலை செய்யாததால் அந்த விலகலைக் காது உடனே பிடித்துக்கொள்கிறது. மணியோசை பயத்தின் ஓசையாக மாறுவது படத்தில் இவ்வளவு நெருக்கமாக வராது. அந்த வீட்டுக்கும் ஆர் 101-க்கும் என்ன தொடர்பு என்று நான் சொல்லப் போவதில்லை. பாத்திரம் கழுவும், யாரும் ஒரு பொருட்டாக மதிக்காத எடித் என்ற பெண்ணை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள்.

'ஸ்டார்ம் வார்னிங்'கில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் டாக்டர் தனியாக இருக்கிறார், நமக்குத் தெரிவிப்பதற்காகத் தனக்குத்தானே பேசித் தள்ளுகிறார். வானொலி நாடகத்தின் பழைய நோய் அது. அதற்கு முன் 1996-ல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படத்தில் டாக்டராக வந்துபோன பால் மெக்கான் தன் குரலால்தான் அதைத் தாங்குகிறார். சார்லி வந்ததும் நோய் குணமாகிவிடுகிறது, ஏனென்றால் அவருக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. ஒலி நாடகத்தில் துணைப் பாத்திரம் எவ்வளவு அவசியம் என்பதை ஒரே நாடகத்தில் இரண்டு விதமாகவும் கேட்டுவிடலாம். நடுவில் வரும் ட்ரிஸ்கீல் என்ற வேற்றுக்கிரகத்தாரின் மூன்று பிரிவுகளும் அவர்களுடைய சட்டதிட்டமும் எனக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. நீங்கள் நிறுத்தியது அதனால் என்று எழுதியிருந்தால் உங்களோடு சண்டையே போட்டிருக்க மாட்டேன்.

மூன்றாம் பாகத்துக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நான்காவதை ஹெட்போன் மாட்டி, வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள். பிறகு நேராக 'சைம்ஸ்'. இடையில் வந்த நாடகங்களை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அதன் பிறகும் அரைகுறை என்றே தோன்றினால் எனக்கு எழுதுங்கள், அந்தக் கடிதத்தை ஒரு வரிகூட வெட்டாமல் இதே பக்கத்தில் போடுகிறேன்.