ஹனிமூனுக்கு வெளிநாட்டில் சொகுசு ஹோட்டல்: மனைவிக்குச் சொல்லாமல் புக் பண்ணலாமா?

கேள்வி: ஜனவரியில் எனக்குக் கல்யாணம். வீட்டில் பார்த்து வைத்த பெண். மாலத்தீவில் தண்ணீர் மேல் கட்டிய வில்லா ஒன்றை அவளுக்குச் சொல்லாமல் சர்ப்ரைஸாக புக் பண்ண நினைக்கிறேன். நல்ல ரொமான்டிக்கான லக்சுரி ஹோட்டலாக எப்படிப் பார்த்து எடுப்பது?

பதில்:

முதலில் அந்த சர்ப்ரைஸை விட்டுவிடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் கேட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் லட்சக்கணக்கில் செலவழித்து எடுக்கும் அறையில் தங்கப்போவது இரண்டு பேர். அதில் ஒருவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்களுடையதும் வீட்டில் பார்த்து வைத்த கல்யாணம்தான். நான் ஈரோட்டுப் பக்கம், அவர் கோயம்புத்தூர். நிச்சயம் முடிந்து போனில் பேசிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு ராத்திரி திடீரென்று கேட்டார். "தண்ணின்னா உங்களுக்குப் பயமுங்களா?" எதற்குக் கேட்கிறார் என்றே புரியவில்லை. "இடுப்புக்கு மேல தண்ணில இறங்குனதே இல்லைங்க" என்றேன். அப்புறம்தான் மாலத்தீவு யோசனையைச் சொன்னார், அவர் பார்த்து வைத்திருந்த ஹோட்டல் லிங்குகளை எல்லாம் அனுப்பினார். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இன்றைக்கும் யார் கேட்டாலும் இதைப் பெருமையாகத்தான் சொல்வேன்.

அவருடைய நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் வாட்டர் வில்லா எடுக்கச் சொன்னார்கள். நாங்கள் பீச் வில்லா எடுத்தோம். படங்களில் எல்லா வாட்டர் வில்லாவும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் சில ரிசார்ட்டில் அது லகூன் மேல், அதாவது பவளப்பாறைக்கு உட்பக்கம் இருக்கிற ஆழமில்லாத கடல் மேல் இருக்கும், படியில் இறங்கினால் இடுப்பளவுத் தண்ணீர். வேறு சில ரிசார்ட்டில் பவளப்பாறை முடியும் விளிம்பில் கட்டியிருப்பார்கள். அங்கே படிக்குக் கீழே ஆழம், நீரோட்டமும் இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களுக்கு அது சொர்க்கம். தெரியாத பெண்ணுக்குத் தன் அறை வாசலே பயமாகிவிடும். ராத்திரி முழுக்கத் தரைக்கு அடியில் அலை அடிக்கிற சத்தம் வேறு. அது சிலருக்குத் தாலாட்டு, சிலருக்குத் தூக்கமே வராது. உங்கள் வருங்கால மனைவி இதில் எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியுமா?

பீச் வில்லாவில் கதவைத் திறந்தால் மணல், நிழலுக்கு மரம், பக்கத்து வில்லாவுக்கும் நமக்கும் நடுவில் அடர்ந்த செடிகள். பார்க்கப்போனால் அதில்தான் தனிமை அதிகம். ஒரே ரிசார்ட்டில் பெரும்பாலும் வாட்டர் வில்லாவைவிட விலையும் குறைவு. மிச்சமான பணத்தில் காலையும் இரவும் சாப்பாடு சேர்ந்த திட்டத்தை எடுத்துக்கொண்டோம். மறுவீட்டு விருந்தில் என் சித்தி, "அவ்வளவு தூரம் போயிட்டுத் தண்ணி மேல தங்காம வந்தீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். "எங்களுக்குப் பிடிச்சதைத்தான் எடுத்தோம் சித்தி" என்றேன், அவ்வளவுதான்.

அந்தத் தீவில் கரைக்குப் பக்கத்திலேயே பவளப்பாறை இருந்தது. ஹவுஸ் ரீஃப் என்பார்கள். படகு எடுக்க வேண்டாம், கரையிலிருந்தே போய் மீன் பார்க்கலாம். மூச்சுக்குழாய் மாட்டி மிதந்தபடி மீன் பார்க்கிற ஸ்நார்கெல் சொல்லிக்கொடுத்த பையன் தூத்துக்குடிக்காரன். "அக்கா, கால் ஊனுற இடத்துலயே நில்லுங்க, முகத்தை மட்டும் தண்ணிக்குள்ள வைங்க" என்றான். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே வைத்தேன். பச்சையும் நீலமுமாகக் கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கிற சத்தம்கூடக் காதில் கேட்டது. அவை கொறித்து அரைத்து வெளியே தள்ளுவதுதான் அங்கே நாம் நடக்கிற வெள்ளை மணலில் பெரும்பங்கு என்று அந்தப் பையன்தான் சொன்னான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றினால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். எங்கள் தோட்டத்தில் பெரிய கிணறு இருக்கிறது. பெரியப்பா மகன்களுக்கெல்லாம் முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டி உள்ளே தள்ளி நீச்சல் பழக்கினார்கள். எங்களுக்கு மோட்டார் தொட்டியோடு சரி. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு நீச்சல்" என்பார்கள். வயதுக்கு வந்த பிறகு கிணற்று மேட்டுப் பக்கம் போனாலே திட்டு விழும். குட்டையில், ஆற்றில் ஒரு பெண்ணைக் காப்பாற்றப்போய் இன்னொரு பெண்ணும் மூழ்கிய செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! கல்யாணத்துக்கு எவ்வளவு நகை போடுவது என்று வருஷக்கணக்கில் கணக்குப் போடுகிற வீடுகள், உயிரைக் காப்பாற்றுகிற ஒரு வித்தையைக் கற்றுக்கொடுக்க ஒரு கோடை விடுமுறையை ஒதுக்கவில்லை. இது எனக்கு ஆறவே ஆறாது. இப்போது நான் நீச்சல் கற்றுக்கொண்டேன், அது வேறு கதை.

சரி, பணத்துக்கு வருகிறேன். நாங்கள் முதலில் கேட்ட டிராவல் ஏஜென்ட் சொன்ன தொகையில் வரியும் இல்லை, தலைநகர் மாலேயிலிருந்து தீவுக்குப் போகிற செலவும் இல்லை. கேட்டால் "அது அங்க போய்க் கட்டிக்கலாம் சார்" என்றார். நீங்களே கணக்குப் பாருங்கள். ஓர் இரவுக்கு 500 டாலர் என்று போட்டு, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அது முழு விலை இல்லை. 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்தால் 550. அதன் மேல் சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். அது சேர்ந்தால் 643 டாலருக்கு மேல். கிரீன் டாக்ஸ் என்று ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். ஆக இரண்டு பேருக்கு ஓர் இரவு 667 டாலர் தாண்டிவிடும்.

அடுத்தது போய்ச் சேருகிற வழி. மாலே விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தீவென்றால் ஸ்பீட் போட் போதும். தூரத்து அடோல், அதாவது தூரத்துத் தீவுக்கூட்டம் என்றால் தண்ணீரில் இறங்குகிற சின்ன விமானமான சீ பிளேன், போக வர ஆளுக்கு 400 டாலருக்கு மேலேயும் ஆகும். அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். உங்கள் விமானம் சாயங்காலம் இறங்கினால் அன்றைய ராத்திரியை மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ கழித்துவிட்டு மறுநாள்தான் போக முடியும், தீவில் வாடகை கட்டிய ஓர் இரவு வீண். சீ பிளேனில் பெட்டிக்கும் 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்று கட்டுப்பாடு உண்டு. அதனால் டிக்கெட்டையும் தீவையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே நாங்கள் ஸ்பீட் போட் தூரத்தில் எடுத்தோம்.

சாப்பாட்டை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் விடாதீர்கள். 1972-இல் முதல் ரிசார்ட் திறந்த காலத்திலிருந்து அங்கே ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் வழக்கம். அவர்கள் வைப்பதுதான் விலை. வெளியே நடந்துபோய் வேறு கடையில் சாப்பிட வழியில்லை. மது நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ரிசார்ட்டுக்குள் கிடைக்கும். மனைவி சைவமென்றால் புக் பண்ணும் முன்பே மெயில் போட்டு மெனுவைக் கேட்டு வாங்குங்கள்.

ஜனவரி மழை குறைந்த நல்ல சீசன்தான், ஆனால் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் விலை உச்சத்தில் இருக்கும். இரண்டாவது வாரத்துக்கு அப்புறம் பாருங்கள். தேதி பற்றி இன்னொன்று, இதைப் பொதுவில் எழுதுவதற்குச் சிலர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை. அவளுடைய மாதவிடாய் தேதியைக் கேட்காமல் கடல் பயணத்துக்குத் தேதி குறிக்காதீர்கள். கல்யாணத் தேதிக்கு வீட்டுப் பெரியவர்கள் அதைக் கேட்டுத்தானே நாள் பார்க்கிறார்கள்? நீங்கள் கேட்பதில் என்ன தப்பு? சர்ப்ரைஸில் இது எப்படி நடக்கும்?

பாஸ்போர்ட்டில் அவள் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் டிக்கெட் எடுக்க வேண்டும். கல்யாணம் ஆனவுடன் உங்கள் பெயரைச் சேர்க்க அவசரப்பட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஹனிமூன் ஜோடிக்கு ரிசார்ட் தருகிற கேக், படுக்கை அலங்காரம், ஒரு இரவு உணவு மாதிரி சலுகைகளுக்குத் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள், குறைந்தது இத்தனை இரவு தங்க வேண்டும் என்றும் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு முடியாவிட்டால் பத்திரிகையும் போட்டோவும் போதுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பேக்கேஜாக எடுத்தால் டிசிஎஸ் என்று ஒரு வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அது யாருடைய பான் எண்ணில் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், வருமான வரிக் கணக்கில் அவர்தான் அதைக் கேட்டு வாங்க முடியும்.

"கடன் வாங்கியாவது மாலத்தீவு போகச் சொல்கிறாயா, ஊட்டி ஆகாதா" என்று யாராவது கேட்கக்கூடும். நான் யாரையும் போகச் சொல்லவில்லை. போவதென்று முடிவெடுத்துக் கேட்டவருக்குத்தான் எழுதுகிறேன். கடலே வேண்டாம் என்று அவள் சொன்னால் பாலியில் உபுத் பக்கம் வயலைப் பார்த்தபடி தனிக் குளத்தோடு வில்லாக்கள் இருக்கின்றன, ஆனால் ஜனவரி அங்கே மழைக்காலம். மீன் பார்க்க இரண்டு பேருக்கும் ஆசையென்றால் மாலத்தீவிலேயே தெற்கு அரி அடோல் பக்கம் தேடுங்கள், திமிங்கலச் சுறா அங்கே வருஷம் முழுக்க வரும்.

அவளும் நீங்களுமாக இரண்டு மூன்று ரிசார்ட்டைப் பிரித்தெடுத்த பிறகு, ஒவ்வொன்றுக்கும் நேரடியாக மெயில் போடுங்கள். வில்லாவின் கீழே எவ்வளவு ஆழம், சூரியன் மறைகிற பக்கமா உதிக்கிற பக்கமா, பவளப்பாறை எவ்வளவு தூரம், பக்கத்தில் கட்டட வேலை ஏதும் நடக்கிறதா, சீ பிளேன் கடைசியாக எத்தனை மணிக்கு, எல்லா வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். பட்டுக்கொள்ளாமல் பதில் எழுதுகிற ரிசார்ட்டை நான் எடுக்க மாட்டேன்.

சர்ப்ரைஸ் ஆசை அப்படியும் விடவில்லையென்றால், கடல் நடுவே மணல்திட்டில் இரண்டு பேருக்கு மட்டும் மேஜை போட்டு இரவு உணவு வைப்பார்கள். அதை அவளுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்யுங்கள். படகில் போக வேண்டியிருக்கும், எனவே லைஃப் ஜாக்கெட் உண்டா என்று அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.