ஆமிஷ் ஊருக்குப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறேன். அக்டோபரில் கும்பகோணத்திலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். கரண்டும் காரும் இல்லாமல் வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்களைப் பார்க்க வேண்டும் என்று அப்பா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பென்சில்வேனியாவில் லாங்கஸ்டருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போகலாமா? அவர்களோடு பேசலாமா, போட்டோ எடுக்கலாமா? இருவரும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சாப்பாட்டுக்கு என்ன வழி?

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் ஞாயிறு மட்டும் வேண்டாம். ஆமிஷ்காரர்கள் அன்று வியாபாரம் செய்வதில்லை. கடை, காய்கறிப் பந்தல், பட்டறை எல்லாமே மூடியிருக்கும். அவர்களுக்குத் தனியாகச் சர்ச் கட்டடமும் கிடையாது. 25 முதல் 40 குடும்பங்கள் சேர்ந்தது ஒரு சபை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, முறை வைத்து யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். உட்காரும் பெஞ்சுகள்கூட ஒரு வண்டியில் வீடு வீடாகப் போகும். ஆராதனை மூன்று மணி நேரம் நடக்கும். 1564-இல் முதலில் அச்சான பாட்டுப் புத்தகத்திலிருந்து, வாத்தியம் எதுவும் இல்லாமல், இழுத்து இழுத்துப் பாடுவார்கள். ஒரே பாட்டு 20 நிமிடம்கூடப் போகும். வெளியாட்களுக்குத் தெரிவதெல்லாம் முற்றத்தில் வரிசையாக நிற்கும் சாம்பல் நிறக் குதிரை வண்டிகள்தான். அங்கே காரை நிறுத்தி எட்டிப் பார்க்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை சௌகரியம். லாங்கஸ்டர் நகரத்தின் நடுவிலுள்ள சென்ட்ரல் மார்க்கெட் செவ்வாய், வெள்ளி, சனி மட்டும்தான் இயங்கும். அங்கே ஆமிஷ் கடைகளும் உண்டு. காலையில் அதை முடித்துவிட்டு, 340-ஆம் நம்பர் சாலையில் பேர்ட் இன் ஹேண்ட் பக்கம் போங்கள். அங்கிருந்து கார்டன்வில், ஸ்ட்ராஸ்பர்க் வழியாகக் கிளைச்சாலைகளில் மெதுவாகச் சுற்றினாலே போதும். திங்கட்கிழமை போக நேர்ந்தாலும் நல்லதுதான், அன்று அவர்களுக்குத் துணி துவைக்கும் நாள். வீட்டுத் திண்ணையிலிருந்து களஞ்சியத்தின் உச்சி வரை கப்பி வைத்து இழுத்த கொடியில் ஊதா, நீலம், பச்சை, கறுப்பு என்று ஒரே நிறத் துணிகள் அளவு வாரியாகத் தொங்கும். பூப்போட்டதோ கட்டம்போட்டதோ ஒன்றுகூட இருக்காது.

அக்டோபரில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். 11-ஆம் தேதி லாங்கஸ்டர் ஆமிஷ் சபைகளுக்கு விரத நாள், கடைகள் இருக்காது. அக்டோபர் கடைசியில் கல்யாண சீசனும் தொடங்கிவிடும். கல்யாணம் பெரும்பாலும் செவ்வாய், வியாழனில்தான். உறவில் கல்யாணம் என்றால் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு போய்விடுவார்கள்.

அடுத்தது போட்டோ. முகம் தெரியும்படி எடுக்கவே கூடாது. உருவங்களைச் செய்யாதே என்ற பைபிள் கட்டளை ஒரு காரணம். தன்னைத் தனியாகக் காட்டிக்கொள்வது அகந்தை என்று அவர்கள் நினைப்பது அதைவிடப் பெரிய காரணம். பிள்ளைகள் விளையாடும் துணிப் பொம்மைக்கே முகம் வரையாத வீடுகள் பல உண்டு. வயல், களஞ்சியம், தூரத்தில் போகும் வண்டி ஆகியவற்றை எடுப்பதைப் பெரும்பாலும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஜூம் செய்து தெரியாமல் எடுக்கலாமே என்று தோன்றினால், உங்கள் அம்மா வாசலில் கோலம் போடும்போது முன்பின் தெரியாத ஒருவர் கார் கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2006-இல் நிக்கல் மைன்ஸ் என்ற ஊரில் ஆமிஷ் பள்ளிக்குள் துப்பாக்கியோடு புகுந்த ஒருவன் ஐந்து சிறுமிகளைக் கொன்றான். அந்தக் கொலைகாரனின் குடும்பத்தைத் தேடிப் போய் ஆறுதல் சொன்னார்கள் ஆமிஷ் மக்கள். ஓரறைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தால் நிற்காமல் கடந்து போய்விடுங்கள்.

அப்பா எதிர்பார்ப்பது போல ஆமிஷ் வாழ்க்கை அப்படியே பழைய காலத்தில் நின்றுவிடவில்லை. இதை முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போனால் அவர் இன்னும் நிறையப் பார்ப்பார். மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு இணைப்பு எடுப்பதில்லை, அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும். பட்டறை மெஷின்களை டீசல் இன்ஜினோடு இணைத்த கம்ப்ரசர் காற்றால் ஓட்டுவார்கள். பேட்டரி விளக்கும் சோலார் பேனலும் இப்போது சகஜம். போன் வீட்டுக்குள் இருக்காது. தோட்டத்தின் ஓரத்தில் சின்னக் கொட்டகைக்குள் இருக்கும். கார் வாங்க மாட்டார்கள், ஆனால் வெளியாள் ஓட்டும் வாடகைக் காரில் ஏறுவார்கள். சைக்கிள்கூட இங்கே வழக்கமில்லை. சைக்கிள் சக்கரம் வைத்த, காலால் உந்திப் போகும் ஸ்கூட்டர்தான். இதே சாலையில் கறுப்பு வண்டியிலும் சைக்கிளிலும் போகிறவர்கள் ஆமிஷுக்கு நெருக்கமான இன்னொரு கிறிஸ்தவப் பிரிவான பழைய முறை மென்னோனைட்காரர்கள்.

இதையெல்லாம் முரண்பாடு என்று பலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பொருள் வீட்டுக்குள் வந்தால் குடும்பம் சிதறுமா, பக்கத்து வீட்டுக்காரரின் உதவி தேவையில்லாமல் போய்விடுமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதை ஒவ்வொரு சபையும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கூடிப் பேசி முடிவு செய்கிறது. அதனால்தான் ஊருக்கு ஊர் விதி மாறுகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. ஞானஸ்நானம் பெற்றபின் சபையை விட்டுப் போகிறவர்களை விலக்கி வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பெற்ற தாயோடு ஒரே மேசையில் சாப்பிட முடியாமல் போனவர்கள் உண்டு. அப்படியிருந்தும் 10 இளைஞரில் 8, 9 பேர் சபையிலேயே தங்குகிறார்கள். மொத்த மக்கள்தொகை சுமார் 4 லட்சம். கிட்டத்தட்ட 20 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. நிலம் போதாததால் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்போது தச்சு, கட்டட வேலை, கடை என்று போய்விட்டன.

பேசுவதற்கு நல்ல இடம் கடைதான். எதையாவது வாங்கிக்கொண்டே பேச்சுக் கொடுங்கள். வீட்டில் பென்சில்வேனியா டச்சு எனப்படும் ஜெர்மன் கிளைமொழி பேசினாலும் பள்ளிக்குப் போகாத சிறு குழந்தைகள் தவிர எல்லோருக்கும் ஆங்கிலம் நன்றாக வரும். விளைச்சல் எப்படி, இந்த மெத்தை விரிப்பைத் தைக்க எத்தனை நாள் ஆகும், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அப்பா கேட்கலாம். அவர்களும் திருப்பிக் கேட்பார்கள். எட்டாம் வகுப்போடு ஏன் படிப்பை நிறுத்துகிறீர்கள் என்று மட்டும் எடுத்ததும் கேட்க வேண்டாம். அந்த உரிமையை 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் வாங்கியிருக்கிறார்கள். வரி கட்டுவதில்லை என்று ஒரு பேச்சு உலவுகிறது, அது தவறு. வருமான வரி, சொத்து வரி எல்லாம் கட்டுகிறார்கள். சமூகப் பாதுகாப்பு வரியில் மட்டும் 1965 முதல் சுயதொழில் செய்பவர்களுக்கு விலக்கு உண்டு. அதற்கு ஈடாக அரசு ஓய்வூதியமும் வாங்குவதில்லை. முதியோரைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள், ஆஸ்பத்திரிச் செலவைச் சபை பகிர்ந்துகொள்கிறது.

சாப்பாடுதான் உங்களுக்குச் சிக்கல். ஆமிஷ் சமையலில் இறைச்சி கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் இருக்கும். பீன்ஸை ஹாம் எனும் பன்றி இறைச்சியோடு வேகவைப்பார்கள். பை மாவில் லார்டு எனும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம், உருளைக்கிழங்கு சிப்ஸையும் சிலர் அதில்தான் பொரிக்கிறார்கள். நூடுல்ஸில் முட்டை உண்டு, சில இடங்களில் கோழிச் சாறும் உண்டு. “வெஜிடேரியனா?” என்று கேட்டால் பதில் தெளிவாக வராது. “லார்டு இருக்கிறதா? முட்டை இருக்கிறதா? எந்தச் சாற்றில் வேகவைத்தீர்கள்?” என்று தனித்தனியாகக் கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். சூடான பிரெட்சலும் ஆப்பிள் பட்டரும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வினிகரும் சர்க்கரையும் சேர்த்துக் பல காய்கறிகளில் போடும் சௌ-சௌ என்ற ஊறுகாய் (நம்மூர் சௌ சௌ காய் அல்ல) நம் நாக்குக்கு இனிப்பாகத்தான் தோன்றும், ஆனால் தயிர் சாதத்துக்குச் சேரும். மதியத்துக்குப் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போவதுதான் உத்தமம்.

சில ஆமிஷ் குடும்பங்கள் முன்பதிவு செய்தால் வீட்டிலேயே விருந்தாளிகளுக்குக் காசுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். வீட்டின் உள்ளே பார்க்க அம்மாவுக்கு ஆசை இருந்தால் அதுதான் முறையான வழி. சைவத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில்லறை நோட்டுகளும் கையில் இருக்கட்டும். சாலையோரப் பந்தலில் ஆப்பிளும் பூசணியும் விலை எழுதி வைத்திருக்கும், ஆள் இருக்காது. பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியாக, வண்டி ஓட்டுவது. குதிரை வண்டி மணிக்கு சுமார் 10 மைல் வேகத்தில்தான் போகும். மேடு ஏறி இறங்கும் இடத்தில் திடீரென்று முன்னால் நிற்கும். ஹார்ன் அடித்தால் குதிரை மிரளும். எதிரே வண்டி வராதபோது, நிறைய இடம் விட்டு மெதுவாகத் தாண்டுங்கள். பின்னால் ஆரஞ்சு முக்கோணமும் விளக்கும் இருந்தாலும் மாலை மங்கலில் அது கண்ணில் படுவது கடினம். அக்டோபரில் சீக்கிரம் இருட்டிவிடும்; அதற்குள் கிளைச்சாலைகளை விட்டு 30-ஆம் நம்பர் நெடுஞ்சாலைக்கு வந்துவிடுங்கள்.