பாஸ்வேர்டு சரி, பழைய சிம் எங்கே?

2004-ல் திருமங்கலத்தில் நான் பிரவுசிங் சென்டர் திறந்தபோது நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டெபிலைசர், வாசலில் செருப்பு விட ஒரு கோணிச் சாக்கு, அவ்வளவுதான். பிள்ளைகள் பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்க வரிசையில் நிற்பார்கள். இப்போது யாருக்கும் என் கம்ப்யூட்டர் வேண்டாம். தங்கள் போனையே கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, “அக்கா, உள்ளே விட மாட்டேங்குது” என்கிறார்கள். இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலும் பாதிக்கு மேல் அதே புலம்பல்தான். அதனால் பட்டா, சாதிச் சான்றிதழ் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா, இன்ஸ்டாகிராமில் நான்கு வருடமாகச் சுங்குடிச் சேலை விற்கிறேன். போன மாதம் புதுப் போன் வாங்கினேன். பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன். ஆனால் ஆறு இலக்க எண் ஒன்று கேட்கிறது. அது பழைய நம்பருக்குப் போகிறது. அந்த சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணி ஒரு வருடம் ஆகிறது. தீபாவளி ஆர்டர் எல்லாம் உள்ளே கிடக்கிறது.
– வாசகி, மதுரை தெற்குவாசல்

என் அனுபவத்தில் பாஸ்வேர்டு மறந்து கணக்கை இழந்தவர்களைவிட, பழைய சிம்மைத் தூக்கிப் போட்டு இழந்தவர்கள்தான் அதிகம். பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ள வழி உண்டு. அந்த வழியே பழைய நம்பருக்குத்தான் போகிறது என்றால் என்ன செய்வது?

முதலில் உங்கள் பழைய நம்பருக்கு நீங்களே போன் போட்டுப் பாருங்கள். கால், மெசேஜ், டேட்டா எதுவும் இல்லாமல் ஒரு சிம் 90 நாள் கிடந்தால் கம்பெனி அதைத் துண்டிக்கலாம். துண்டித்த பிறகும் குறைந்தது 90 நாள் கழித்துத்தான் வேறு ஒருவருக்குக் கொடுப்பார்கள். உங்களுக்கு ஒரு வருடம் ஆகிவிட்டதால் நம்பர் கைமாறியிருக்கவே வாய்ப்பு அதிகம். இதே மாதிரி ஒரு பெண் என் கடையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். எதிர்முனையில் ஒரு பெரியவர் எடுத்தார். “நீங்கதானா அந்தச் சேலைக்காரம்மா? மூணு மாசமா எனக்கு ராத்திரி பத்து மணிக்குக்கூட கலர் கேட்டு போன் வருதும்மா” என்றார். சிரிப்பதா அழுவதா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்று சொல்கிறேன், அப்படி யாராவது எடுத்தால் “உங்களுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கள்” என்று கேட்காதீர்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறோம். அந்தப் பெரியவர் சொல்லாமல் இருந்தால் அவர் விவரமானவர். யாரும் எடுக்கவில்லை, நம்பர் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்றால், ஆதாரோடு சிம் கம்பெனியின் கடைக்குப் போய்க் கேளுங்கள். சில நேரம் திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது பழைய போன். எழுத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. அது இப்போது எங்கே? எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. பிள்ளை கேம் விளையாட வைத்திருக்கிறான் என்றால் உடனே வாங்குங்கள். வாங்கி சார்ஜ் போட்டு, வீட்டு வைபையில் இணைத்து, இன்ஸ்டாகிராமைத் திறந்து பாருங்கள். நீங்கள் அதில் வெளியேறாமல் விட்டிருந்தால் உங்கள் பக்கம் அப்படியே திறக்கும். திறந்ததும் சந்தோஷத்தில் வேறு எதையும் தொடாதீர்கள், முக்கியமாக லாக் அவுட்டைத் தொடாதீர்கள். செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ் சென்டர்’, அதற்குள் ‘பாஸ்வேர்டு அண்ட் செக்யூரிட்டி’, அதற்குள் இரட்டைச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு எண் கேட்கிற ‘டூ ஃபேக்டர்’. அங்கே பழைய நம்பரை எடுத்துவிட்டுப் புது நம்பரைச் சேர்க்கலாம். அதே இடத்தில் பேக்கப் கோடு என்று சில எண்கள் இருக்கும். சிம்மே இல்லாவிட்டாலும் அந்த எண்ணைப் போட்டு உள்ளே வரலாம். ஒரு கோடு ஒரு தடவைக்குத்தான். அவற்றைக் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற வேலை அது.

பழைய போனும் இல்லை என்றால், எண் கேட்கும் திரையிலேயே ‘வேறு வழியில் முயற்சி செய்’ என்று இருப்பதை அழுத்துங்கள். இன்ஸ்டாகிராம் வீடியோ செல்ஃபி கேட்கும். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டச் சொல்லும். பக்கத்தில் இருக்கும் உங்கள் படங்களோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும். இங்கேதான் உங்களைப் போன்ற வியாபாரிகளுக்குச் சிக்கல். பக்கம் முழுக்கச் சேலை மட்டும்தான் என்றால் ஒப்பிட முகம் ஏது? அப்போது கணக்குத் தொடங்கியபோது கொடுத்த இமெயில் அல்லது நம்பர், அன்று வைத்திருந்த போன் என்ன வகை என்றெல்லாம் கேட்பார்கள். யோசித்துச் சரியாக எழுதுங்கள். முயற்சிகளை எல்லாம் வழக்கமாக நீங்கள் இருக்கும் வீட்டிலிருந்தே செய்யுங்கள். புது இடம், புது நெட், புது போன் என்று எல்லாமே மாறினால் அந்தப் பக்கம் சந்தேகம்தான் கூடும்.

கணக்கு திரும்பி வந்ததும் ஒரு சேலையையாவது நீங்களே கட்டிக்கொண்டு ஒரு படம் போடுங்கள்.

இமெயில், பாஸ்வேர்டு இரண்டையும் டைரியைப் பார்த்தே போடுகிறேன். தவறு என்கிறது.
– வாசகர், சோழவந்தான்

இமெயிலை முழுதாக அடிக்காமல், கீபோர்டு மேலே காட்டுவதைத் தொட்டுப் போடுகிறீர்களா? அப்படிப் போட்டால் கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. கர்சரைக் கடைசியில் வைத்து ஒருமுறை அழித்துப் பாருங்கள். பாஸ்வேர்டு கட்டத்தில் கண் படம் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் நீங்கள் அடித்தது தெரியும். முதல் எழுத்தைப் போனே பெரிய எழுத்தாக மாற்றியிருக்கலாம். டைரியில் இருப்பது பூஜ்யமா, ‘ஓ’வா என்பதையும் கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

நான் பள்ளி ஆசிரியை. பாதுகாப்புக்காக ஆத்தென்டிகேட்டர் ஆப் போட்டுக் கொடுத்தான் என் மகன். அதில் வரும் எண்ணை உடனே போட்டாலும் செல்லாது என்கிறது. மகன் போனில் மட்டும் வேலை செய்கிறது.
– வாசகி, உசிலம்பட்டி

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் தெரு டீச்சர் ஒருவர் ஞாபகம் வந்தார். காலை 7.40 பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று சுவர்க் கடிகாரத்தைப் போலவே போன் கடிகாரத்தையும் பத்து நிமிடம் கூட்டி வைத்திருந்தார். நீங்களும் அப்படியா?

அந்த ஆப் எண்ணை எங்கிருந்தும் வாங்குவதில்லை. முதன்முதலில் கொடுத்த ரகசியச் சாவியையும் போனில் ஓடும் நேரத்தையும் வைத்து அதுவே கணக்குப் போடுகிறது. 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும். அந்தப் பக்கமும் இதே கணக்கைப் போடுகிறது. இரண்டு கடிகாரமும் ஒத்துப்போனால்தான் இரண்டு விடையும் ஒன்றாக இருக்கும். பத்து நிமிடம் தள்ளிப்போன கடிகாரம் தரும் எண் இன்னும் பிறக்காத எண். செட்டிங்ஸில் தேதி, நேரம் போய்த் ‘தானியங்கி’ என்று வைத்துவிடுங்கள். பஸ்ஸுக்கு அலாரம் வைத்துக்கொள்ளலாம்.

இதே பகுதியிலிருந்து இன்னொருவர், தாத்தாவின் பழைய போனில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அதிலும் தேதியைப் பாருங்கள். பேட்டரி செத்துக் கிடந்த போன் எழுந்திருக்கும்போது பல வருடம் பின்னால் போய்விடும். ஒவ்வொரு தளத்துக்கும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஒரு சான்றிதழ் உண்டு. போன் பழைய தேதியில் இருந்தால், ‘இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லையே’ என்று சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்திவிடும்.

போன வருடம் அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகைக் கரையில் நின்று பேஸ்புக் லைவ் போட முயன்றேன். சிக்னல் நான்கு கோடு காட்டியது. ஆனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியேறி மறுபடி உள்ளே போகப் பார்த்தேன், அதுவும் முடியவில்லை. போனில் கோளாறா?
– வாசகர், செல்லூர்

போனில் ஒன்றுமில்லை. டவர் உங்களுக்குக் கேட்கிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் சொல்கின்றன, டவரில் இடம் இருக்கிறது என்று சொல்லவில்லை. டவுன் பஸ் கண்ணெதிரே நிற்கும், ஆனால் படிக்கட்டிலேயே ஆள் தொங்கும் இல்லையா, அதுதான். சுற்றி நின்ற அத்தனை பேரும் அதே நேரத்தில் அதே டவரில் வீடியோ ஏற்றினால் யாருக்குமே போகாது. நீங்கள் செய்த தவறு வெளியேறியது. உள்ளே போகவும் நெட் வேண்டுமே. நெட் இல்லாத இடத்தில் பதற்றத்தில் திரும்பத் திரும்பப் பாஸ்வேர்டு அடித்தால், யாரோ திருட முயல்வதாக நினைத்துக் கணக்கைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துவிடுவார்கள். அடுத்த முறை வீடியோவைப் பதிவு செய்துகொண்டு, வீட்டுக்கு வந்து நிதானமாகப் போடுங்கள். அல்லது போனைப் பையில் போட்டுவிட்டுக் கும்பிடுங்கள்.

2024-ல் ஒரு ராத்திரி பேஸ்புக் தானாக வெளியே தள்ளிவிட்டது. ஹேக் ஆகிவிட்டது என்று பயந்து, திரும்ப உள்ளே போனதும் பாஸ்வேர்டை மாற்றினேன். மாற்றியதை மறந்தும்விட்டேன். பிறகுதான் எல்லோருக்கும் அப்படி என்று தெரிந்தது. இனி எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், மேலூர்

கரண்ட் போனால் நாம் முதலில் என்ன செய்வோம்? பீஸ் கட்டையைப் பிடுங்குவதற்கு முன் பக்கத்து வீட்டில் லைட் எரிகிறதா என்று எட்டிப் பார்ப்போம். அதேதான்.

நீங்கள் சொல்வது 2024 மார்ச் 5. நம் நேரத்துக்கு இரவு ஒன்பது மணி வாக்கில் உலகம் முழுக்கப் பேஸ்புக்கிலிருந்து ஆட்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் சரியானது. அதைவிடப் பெரியது 2021 அக்டோபர் 4. அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் இல்லை. அவர்களே பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் வழியைத் துண்டித்துவிட்டது. அதோடு, பேஸ்புக் என்ற பெயர் எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் சர்வர்களும் இணையத்திலிருந்து மறைந்துவிட்டன. அன்று ராத்திரி என் தெருவில் மட்டும் எத்தனை பேர் ஆப்பை நீக்கி மறுபடி போட்டார்களோ! காலையில் என் கடையில் ஒன்பது போன். கோளாறு எப்போதோ சரியாகியிருந்தது. இவர்களுக்குத்தான் பாஸ்வேர்டு தெரியவில்லை.

அதனால் நான் அன்இன்ஸ்டாலைக் கடைசியில்தான் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரர் போனில் வருகிறதா பாருங்கள். உங்களிடம் வைபை என்றால் மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். நெட்டை வேறு வழியாகச் சுற்றிவிடும் வி.பி.என். ஆப் இருந்தால் அணையுங்கள். அப்புறம் ஆப்பின் ‘கேஷ்’ மட்டும் அழியுங்கள். பக்கத்திலேயே ‘டேட்டாவை அழி’ என்று இருக்கும், அது வேறு. கேஷ் என்பது திண்ணைக் குப்பை, கூட்டினால் நஷ்டமில்லை. டேட்டாவை அழித்தால் கணக்கு போகாது, ஆனால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். பாஸ்வேர்டு நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். போனில் இடமே இல்லை என்றாலும் ஆப் திணறும். குட்மார்னிங் ரோஜாப்பூக்களை முதலில் அழியுங்கள். மாமனார் அனுப்பியதாக இருந்தாலும் சரி.

பேஸ்புக் கஸ்டமர் கேர் என்று தேடி ஒரு நம்பருக்குப் போன் செய்தேன். ஒரு ஆப் இறக்கச் சொன்னார், இறக்கினேன். 4,800 ரூபாய் போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை.
– பெயர் வேண்டாம், வாடிப்பட்டி

தம்பி, இதைப் படிக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் கூப்பிட்டுப் பேச பேஸ்புக் கஸ்டமர் கேர் நம்பர் எதுவும் வைத்திருக்கவில்லை. தேடினால் வருவதெல்லாம் இந்த மாதிரி ஆட்கள்தான். மாட்டிக்கொண்டால் முதலில் போனில் நெட்டை அணையுங்கள். நீங்கள் இறக்கிய ஆப் வழியாகத்தான் உங்கள் திரையை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேறு ஒரு போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், பிறகு பேங்குக்கு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணம் கைமாறாமல் நிறுத்தப் பார்ப்பார்கள். அந்த ஆப்பை நீக்குவது, பாஸ்வேர்டு மாற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு. நிஜமாகவே கணக்கை யாராவது பிடித்துவிட்டால், பேஸ்புக் டாட் காம் போட்டு ஒரு சாய்வுக் கோடு, பிறகு ‘ஹேக்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் அதற்கான பக்கம் வரும். காசு கேட்காது.

வீட்டில் சொல்லிவிடுங்கள். என்னிடம் சொன்னதைவிட அது சுலபம்.

எல்லோர் பக்கமும் வருகிறது. என் மச்சான் பக்கம் மட்டும் ஒரு மாதமாக லோடு ஆகவில்லை. ஆப்பை அப்டேட் செய்தும் பார்த்துவிட்டேன்.
– வாசகர், அலங்காநல்லூர்

அது நெட் கோளாறு இல்லை. அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள்.